புகையிலைக் கோட்டு

அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். வாசல் தூணை ஒட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, கலைஞர் குழுவைத் தொடங்கிய மூத்த சிற்பி, எல்லோரும் ஐயா என்கிற பொருளில் ‘பாக்’ என்று கூப்பிடும் சுவோந்தோ. அவருக்கு வலப்பக்கம், சாம்பல் கிண்ணம் கைக்கு எட்டுகிற தூரத்தில், மரத்தில் செதுக்கி அச்சுப்படம் போடுகிற குனார்சோ. சமையலறைக் கதவுக்கு நேரே, எழுந்து போக வசதியாக, புகைப்படக்காரி ஹெர்மின். சுவரில் சாய்ந்து, பெரியவர் முன்னாலேயே காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, வேறு தீவிலிருந்து வந்த பத்தாக் இனத்துக்காரி தியுர். பாயின் கடைசி மூலையில், மடியில் குறிப்பேட்டோடு, செயலாளர் விகாத்தி. இந்த வரிசையில்தான் குறிப்பேட்டிலும் பெயர்களை எழுதினாள். தியுர் கால் நீட்டியதை மட்டும் எழுதவில்லை. எழுதக் கை துறுதுறுத்தது.

நடுவில் ஒரு தட்டு நிறைய சூடான சோயாப் பயற்றுத் தெம்பே பொரியல், பச்சை மிளகாய், ஐந்து கண்ணாடித் தம்ளர்களில் தேநீர்.

பேச வேண்டியது ஒரே விஷயம். ஹாலந்தில் ஓர் அருங்காட்சியகம், முன்னூறு வருஷமாக இங்கிருந்து அள்ளிக்கொண்டு போனதையெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் தன் கிடங்கை ஒரு கலைஞருக்குத் திறந்துவிடப் போகிறது. ஆறு மாதம் அங்கே தங்கலாம், எதை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், அதை வைத்துப் புதிதாக ஒன்று செய்து அவர்கள் கூடத்திலேயே காட்சிக்கு வைக்கலாம். ஆளை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஜாவாவின் ஜோக்ஜா நகரில் பதினாறாம் எண் வீட்டுக் குழுவே ஒரு பெயரைத் தீர்மானித்து எழுதட்டும் என்று விட்டிருந்தார்கள். கையெழுத்தும் முத்திரையும் உள்ள அசல் கடிதம் மாதக் கடைசிக்குள் அவர்கள் கையில் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அந்தப் பெயர் விகாத்தி என்பது பாய் விரிப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். பதினான்கு வருஷமாகக் கண்ணாடியின் பின்பக்கத்தில் படம் வரைகிறவள் அவள். பழைய வெள்ளைக்கார அதிகாரிகளின் புகைப்படங்களைப் பார்த்து வரைவாள். கண்ணாடியில் எதை முதலில் வரைகிறோமோ அதுதான் முன்னால் நிற்கும். பின்னால் தெரிய வேண்டியதைக் கடைசியில் வரைய வேண்டும். அதனால் அவள் படங்களில் குடை பிடிக்கிறவனும் செருப்பு தூக்குகிறவளும் முதலில் வந்துவிடுவார்கள். துரை மிச்சமிருக்கிற இடத்தில்தான். கிடங்கில் கிடக்கும் மூலப் படங்களை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. போன வருஷமே கம்பளிச் சட்டை ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

ஆனால் இந்த ஊரில் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. கொடுப்பதை முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவர்களும் இல்லை. முதலில் சொல்லும்போது ‘நான் எதற்கு’ என்று இன்னொருவர் பெயரைச் சொல்ல வேண்டும். அவரும் ‘ஐயோ நானா’ என்று திருப்பிவிட வேண்டும். இன்னொரு தடவை இதே சடங்கு. மூன்றாம் சுற்றில் தலையைக் குனிந்து, ‘நீங்க எல்லாரும் சொல்றதால’ என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். விகாத்தி பிறந்ததிலிருந்து இப்படித்தான் தின்பண்டம் முதற்கொண்டு வாங்கியிருக்கிறாள்.

பாக் சுவோந்தோ தொண்டையைக் கனைத்தார். “விகாத்தி, நீயே போயிட்டு வாம்மா.”

“ஐயோ பாக், நான் எதுக்கு? எனக்கு அந்தக் குளிரெல்லாம் ஒத்துக்காது. தியுர் போகட்டும். ஊரே அவ செஞ்ச புகையிலைக் கோட்டைப் பத்தித்தானே பேசுது.”

“சரிக்கா. போறேன்,” என்றாள் தியுர்.

ஹெர்மின் வாய்க்குக் கொண்டுபோன தெம்பே அங்கேயே நின்றது. குனார்சோவின் கிராம்புச் சிகரெட் வெடித்து எரிகிற சத்தம் கேட்டது. பாக் சுவோந்தோ தூணைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், விகாத்தியை மட்டும் பார்க்கவில்லை.

“ரொம்ப நன்றி,” என்று சொல்லிவிட்டு தியுர் காலை மடக்கி, முதல் தடவையாக நேராக உட்கார்ந்தாள்.

“அப்போ...” என்றார் பாக் சுவோந்தோ. இன்னும் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தார். எதிர்த்துப் பேசுவது அந்தப் பாயில் நடக்காத காரியம். “அப்போ எல்லாருக்கும் சம்மதம்தானே?”

“சம்மதம்,” என்றார் குனார்சோ. “சம்மதம்,” என்றாள் ஹெர்மின். மூன்றாவதாகக் கேட்ட ‘சம்மதம்’ தன்னுடைய குரல் என்பது விகாத்திக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. குறிப்பேட்டில், ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று தன் கையாலேயே எழுதினாள். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய சாய்வெழுத்து, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

தம்ளர்களைக் கழுவும்போது ஹெர்மின் பிடித்துக்கொண்டாள்.

“வாய்ல என்ன, க்லெபோன் இனிப்பு உருண்டையா அடைச்சு வச்சிருந்தே? என் பேரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? நான் ரெண்டு தடவ வேணாம்னு சொல்லி உன்கிட்டயே தள்ளிவிட்டிருப்பேன். அதுக்குத்தானே கதவுக்கு நேரா உட்கார்ந்திருந்தேன், பேச்சு முடிஞ்சதும் இனிப்பு எடுத்துட்டு வரலாம்னு!”

“வாய்ல அவ பேர்தான் வந்துச்சு.”

“எப்படி வரும்? பத்தாக்காரிகிட்ட போய் உபசாரம் பண்ணுவாங்களா யாராவது? சாப்பிடுன்னா சாப்பிட்டுட்டுத் தட்டையும் நக்கிட்டுப் போற கூட்டம்.”

எப்படி வந்தது என்று விகாத்திக்குத் தெரியும். ஒரு மாதமாக அவள் தலைக்குள் வேறு பெயரே ஓடவில்லை. போன மாதம் குழுவின் கண்காட்சியில் தியுர் ஒரு கோட்டை வைத்தாள். தியுர் பிறந்த தீவில், தெலிப் பக்கத்துப் புகையிலைத் தோட்டத் துரைமார் போட்டுக்கொள்ளும் கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டின் வெட்டு. ஆனால் துணி இல்லை, முழுக்கப் புகையிலை. இலை இலையாகப் பதப்படுத்தி ஒட்டித் தைத்தது. உள்பக்கம் பூராவும் ஒப்பந்தக் கூலிகளின் பெருவிரல் ரேகைகள். ஜனங்கள் வரிசையில் நின்று அதை மோந்து பார்த்தார்கள். ஜகார்த்தா பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. விகாத்தியின் கண்ணாடிப் படங்களைப் பற்றி அதே பக்கத்தில் மூன்று வரி, அதிலும் தலைப்பு தப்பு. அந்தப் பத்திரிகையை அவள் மடித்து வைத்த மடிப்பு கிழிகிற அளவுக்குத் திரும்பத் திரும்பப் பிரித்துவிட்டாள்.

அந்தக் கதையாவது தியுருடையதா? அதுவும் இல்லை. விகாத்தியின் கொள்ளுத்தாத்தாவுக்கு காசான் என்று ஒரு தம்பி. ஜாவாவில் உள்ள கெபூமென் ஊரிலிருந்து மூன்று வருஷ ஒப்பந்தத்தில் தெலிக்குக் கப்பலேறினார். ஒரு கடிதம் வந்தது, அப்புறம் ஆளும் இல்லை, பேச்சும் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே விகாத்தி இதைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள் தியுர். ஜாவாக்காரனின் துக்கத்தை ஒரு பத்தாக்காரி தைத்துப் போட்டுக்கொண்டு ஹாலந்துக்குப் போகிறாள், அதற்குச் சிபாரிசுக் கடிதத்தை நான் எழுத வேண்டும். இதையே விகாத்தி தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பாக் சுவோந்தோ ஒரு சிலை வேலையாக சோலோவுக்குக் கிளம்பினார். வெளியூர் போகும்போதெல்லாம் செய்கிற மாதிரி, வெற்றுக் கடிதத்தாள் இரண்டின் அடியில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி விகாத்தியிடம் நீட்டினார்.

“ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கட்டும்.” செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவர், திரும்பாமலே சொன்னார். “யோசிச்சு எழுதும்மா.”

யோசித்து எழுது என்றால் என்ன? ஹெர்மினுக்கு அதில் சந்தேகமே இல்லை.

“இதைவிட எப்படி அவர் வாயால சொல்லுவார்? உன் பேரை எழுதி அனுப்பு. யாரு கேட்கப் போறா? பாக் கேட்க மாட்டார், கேட்டா மரியாதையில்ல. குனார்சோ அண்ணன் ஒரு ஜோக்கை அடிச்சிட்டு சிகரெட் வாங்கப் போயிடுவார். நான் ஒண்ணும் கேட்கப் போறதில்ல.”

“தியுர் கேப்பா.”

“கேக்கட்டும். அவ சத்தம் போடறது புதுசா? பத்தாக்காரி கத்தினான்னு ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க.”

அன்று பிற்பகல் விகாத்தி முதல் தாளை எடுத்தாள். தேதி, பெறுநர், பொருள். ‘எங்கள் குழு ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருப்பவர்’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள். பார்க்க நன்றாக இருந்தது. மடித்து உறைக்குள் வைத்தாள். ஒட்டவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். அன்றைக்கு வரைய உட்கார்ந்தவள் வேலைக்காரியின் முகத்துக்கு முன்னால் துரையின் மீசையைப் போட்டுவிட்டாள். கண்ணாடியைக் கழுவி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

மூன்று நாள் உறை அப்படியே கிடந்தது. நாலாம் நாள் மதியம் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. அந்தக் கோட்டைக் கிட்டே போய் அவள் பார்த்ததே இல்லை. பார்த்து, அது அவசரத்தில் தைத்த மட்டமான வேலை என்று தெரிந்துவிட்டால் போதும். அப்புறம் உறையை ஒட்டுவதில் ஒரு கூச்சமும் இருக்காது. கோட்டின் அளவுகளைக் கடிதத்தில் குறிக்க வேண்டும் என்று ஒரு சாக்கு இருந்தது. அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பஞ்சர் கடைக்குப் பின்னால் தியுரின் அறை. உள்ளே போகும் முன்பே புகையிலை வாசம் வந்தது. தியுர் சட்டியிலிருந்தே நூடுல்ஸை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

“வாக்கா, வா. செருப்பைக் கழட்டிடு, கீழே இலை கிடக்கு. சாப்பிடுறியா?”

“இல்ல, இப்பதான் சாப்பிட்டேன்.”

“பொய். இந்த ஊர்ல எவளும் பசிக்குதுன்னு சொல்லி நான் பார்த்ததில்ல.” ஒரு கரண்டியை எடுத்து நீட்டினாள். விகாத்தி வாங்காமல் நாடாவைப் பிரித்தாள்.

“அளவு எடுக்கணும். கடிதத்துக்கு.”

கோட்டு ஒரு மரப் பொம்மை மேல் நின்றது. விகாத்தி தோளை அளந்தாள், கையை அளந்தாள். அளக்கிற சாக்கில் ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் போனாள். இலை நரம்புகள் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தும்படி தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள் பாவி. பொத்தான் துளைகளில் ஒரு பிசிறில்லை. முதுகில் ஒரு வெடிப்பில்லை. விகாத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் தடவை சுற்றி வந்தபோது கிடைத்துவிட்டது. இடது காலர். தையல் அரை விரற்கடை கோணலாக ஓடியிருந்தது.

“இங்க தையல் கோணியிருக்கே,” என்றாள். குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கே கேட்டது.

“தெரியும்க்கா. அன்னிக்குக் கை நடுங்கிடுச்சு. பிரிச்சுத் தைக்க மனசு வரல. காலரைத் தூக்கி உள்ள பாரு.”

தூக்கினாள். கழுத்தில் படுகிற இடத்தில் ஒரே ஒரு பெருவிரல் ரேகை. அதன் கீழே ஓர் எண், ஒரு வருஷம், 1911. அதற்கும் கீழே பழைய எழுத்தில்: காசான், கெபூமென்.

நாடா அவள் கையிலிருந்து நழுவி இலைகள் மேல் விழுந்தது.

“எங்க கிடைச்சுது?”

“மேடான்ல ஒரு பழைய பேப்பர் கடையில. எங்க ஊர் சியந்தாருக்கு லீவுல போகும்போதெல்லாம் அங்க போய் உட்கார்ந்துடுவேன். கட்டுக் கட்டா ஒப்பந்தத் தாள். ஜாவாக்காரங்க, சீனங்க, மாட்டுவண்டி ஓட்டின தமிழாளுங்க, எல்லாரும் கலந்து கிடந்தாங்க. காசான்னு நாலு பேர் இருந்தாங்க. கெபூமென் ஆளு ஒருத்தர்தான். கிடைச்ச அன்னிக்குத்தான் அந்தக் காலரைத் தைச்சேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் இருந்தேன். கண்காட்சி முதல் நாள் நீ பார்ப்பேன்னு நின்னுட்டிருந்தேன். ஊரே வந்து மோந்து பார்த்துட்டுப் போச்சு. நீ ஒருத்தி மட்டும் வெளிய நின்னு இளநீ குடிச்சே. நாலு நாளும் அதே இடத்துல நின்னே.”

அது உண்மை. நாலு நாளும் எந்த மரத்தடி என்றுகூட விகாத்திக்கு ஞாபகம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கோட்டு தெரியாது, ஆனால் கோட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகம் தெரியும்.

“இது எங்க வீட்டுக் கதை,” என்றாள். சொல்ல நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

“ஆமா. நீதான் சொன்னே. நீ வரைவேன்னு ரெண்டு வருஷம் பார்த்தேன். அப்புறம் ‘நான் செய்யட்டுமா’ன்னு உன்கிட்டயே கேட்டேன். ‘தாராளமா’ன்னே.”

“அப்படிச் சொல்றதுதானே வழக்கம்.”

“தெரியும்.”

“கூட்டத்துலயும் தெரியுமா? நான் சும்மா சொன்னேன்னு?”

தியுர் சட்டியைக் கீழே வைத்தாள். “பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். தெரியாம இருக்குமா? நீங்க மூணு தடவ வேணாம்னு சொல்லலாம், நாலாவது தடவயும் யாராவது கொடுப்பாங்க. எனக்கு யாரு கொடுப்பா, அக்கா? பதினோரு வருஷத்துல என் பேரை அந்தப் பாய்ல ஒருத்தர் சொன்னது அன்னிக்குத்தான். அதுவும் வேணாம்னு சொல்லுவேங்கற நம்பிக்கையில சொன்னது. சட்டுனு பிடிச்சுக்கிட்டேன். விட்டிருந்தா போயிருக்கும்.”

விகாத்தி குனிந்து நாடாவை எடுத்தாள். வெளியே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள்.

“பாக் வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டுத் தந்திருப்பாரே,” என்றாள் தியுர். “உன் பேரை எழுதிட்டியா?”

இப்படியா ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்பாள்? விகாத்திக்குக் காது சூடானது. ‘சேச்சே’ என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தாள்.

“எழுதிட்டேன்,” என்றாள்.

தியுர் அவளை உற்றுப் பார்த்தாள். அப்புறம் சத்தமாகச் சிரித்தாள். “அடேயப்பா. நேரா ஒரு பதில்! ஒட்டிட்டியா?”

“இன்னும் இல்ல.” அதோடு நிற்காமல் சொன்னாள், “எனக்குப் போகணும், தியுர். ரொம்ப நாளாப் போகணும்.”

“எனக்கும்தான் போகணும்.” கெஞ்சலும் இல்லை, விட்டுக்கொடுத்தலும் இல்லை. தெளிப்பானை எடுத்து இலைகளுக்குத் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தாள். “தாள் உன் கையில இருக்கு. நான் எதுவும் சொல்ல மாட்டேன். கத்துவேன், அது வேற.”

விகாத்தி நாடாவைச் சுருட்டிக்கொண்டாள். கிளம்புகிற நேரத்தில் கரண்டியை எடுத்து, சட்டியில் மிச்சமிருந்ததை நின்றபடியே தின்றாள். பசித்தது.

வீட்டுக்கு வந்து இழுப்பறைப் பூட்டைத் திறந்தாள். தன் பெயர் எழுதிய தாளைக் குப்புறப் போட்டு, அதன் பின்பக்கத்தில் புதுக் கடிதத்துக்கு நகல் எழுத ஆரம்பித்தாள். முதல் நகலில், ‘இவர் நேரம் தவறாதவர், பழகுவதற்கு எளியவர்’ என்று எழுதினாள். இரண்டும் பொய், அதோடு யாரையும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காத வார்த்தைகள். அடித்தாள். இரண்டாவதில் காசானின் கதையை மேலே எழுதி, அது எந்த வீட்டுக் கதை என்று விரிவாக எழுதி, நாலாம் பத்தியில் தியுரைக் கொண்டுவந்தாள். படித்துப் பார்த்தால் கடிதம் பூராவும் தானே நின்றாள். அதையும் அடித்தாள். எது முன்னால் நிற்க வேண்டுமோ அதை முதலில் வைக்கத் தெரியாதவள் போல, பதினான்கு வருஷம் கண்ணாடியில் வரைந்தவள் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில், மிச்சமிருந்த நல்ல தாளில் இப்படி எழுதினாள்:

‘எங்கள் குழு அனுப்புகிறவர் தியுர் சிமாத்துபாங். அவருடைய புகையிலைக் கோட்டின் அளவுகள் கீழே உள்ளன. இந்த இடம் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்பியவள் நான். ஆகவே இவருடைய வேலையில் குறை தேடுவதில் என்னைவிட அக்கறை உள்ளவர் இந்த ஊரில் கிடையாது. ஒரு பிற்பகல் முழுக்கத் தேடினேன். இடது காலரில் அரை விரற்கடைத் தையல் கோணல். வேறொன்றும் இல்லை. காலரைத் தூக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே இருக்கும் ரேகை என் கொள்ளுத்தாத்தாவின் தம்பியுடையது. அவரைத் தேடியிருக்க வேண்டியவள் நான், தேடிக் கண்டுபிடித்தவர் இவர். உங்கள் கிடங்கிலும் இவரால் கண்டுபிடிக்க முடியும்.’

அரசாங்கக் கடிதம் போல எழுதிப் பழகிய கைக்கு இது ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தையை மாற்றவில்லை. கீழே பாக் சுவோந்தோவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பக்கத்தில், ‘எழுதியவர்: விகாத்தி, செயலாளர்’ என்று சேர்த்தாள். பாக் திரும்பி வந்து படித்தால் என்ன சொல்வார் என்று நினைத்தாள். அவர் எதுவும் சொல்ல மாட்டார். தூணைப் பார்ப்பார்.

பெரிய தபால் ஆபீசில் கூட்டம் இல்லை. கவுண்டரில் இருந்தவர் முகவரியைப் படித்தார்.

“ஹாலந்தா? சாதாவா, விரைவா? சாதாவில போட்டா மூணு வாரம் ஆகும். விரைவுன்னா ஏழெட்டு நாள்.”

மாதக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தது. சாதாத் தபாலில் போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கடிதம் ஒழுங்காக எழுதப்பட்டது, கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது, தபால்தான் தாமதம். ஹெர்மினிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. விகாத்தி உறையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டியில் கிடக்கும் கம்பளிச் சட்டை நினைவுக்கு வந்தது, அதன் நிறம், அதன் பொத்தான்கள்.

“என்னம்மா, வேலைக்கு மனுவா?” என்றார் அவர்.

“அப்படித்தான்.”

“உங்களுக்கா?”

“எனக்கு வேணும்னுதான் இருந்தேன்,” என்றாள் விகாத்தி. முன்பின் தெரியாத அந்த ஆளிடம் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது. “இது இன்னொருத்திக்கு. விரைவுலயே போடுங்க.”

கவுண்டர் ஓரத்தில் இருந்த பசைக் கிண்ணத்தில் குச்சியை விட்டு, உறையின் நாக்கில் ஓரம் விடாமல் தடவினாள். மடித்து அழுத்தினாள். இடது மூலை கொஞ்சம் தூக்கிக்கொண்டது. அதையும் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, ஒட்டிக்கொள்கிற வரை விடவில்லை. அவர் வாங்கி, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் இருந்த பையில் போட்டார். பை கட்டப்பட்டு வண்டியில் ஏறுகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்று பார்த்தாள்.